12 ரூபாய் டீயில் விளைவித்தவர்களுக்கு 3 ரூபாய்



நாளைக்குக் காலையில் டீக்கடையில் நிற்கும்போது கையில் இருக்கும் அந்தக் கிளாஸை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊருக்கு ஊர் விலை மாறும். 10 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 15 ரூபாய்க்கும் விற்கிறார்கள். நடுவில் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 12 ரூபாயில் மூன்று விவசாயிகளின் உழைப்பு இருக்கிறது. நீலகிரியில் இலை பறித்தவர், சேலத்திலோ விழுப்புரத்திலோ மாட்டைக் கறந்தவர், கடலூர்ப் பக்கம் கரும்பு போட்டவர். இந்த மூன்று பேருக்கும் சேர்த்து எவ்வளவு போய்ச் சேரும்னு நினைக்கிறீங்க?

கணக்கு கஷ்டமானது இல்லை. ஒரு டீக்குச் சுமார் 60 மில்லி பால். ஆவின் கூட்டுறவுச் சங்கத்தில் பசும்பால் ஊற்றுபவருக்கு ஊக்கத்தொகை சேர்த்து லிட்டர் 38 ரூபாய். ஆக, 2 ரூபாய் 28 காசு. டீத்தூள் இரண்டரை கிராம். அதற்கு 11 கிராம் பசுந்தேயிலை வேண்டும். கிலோ 18 ரூபாய் என்று வைத்தால் 20 காசு. சர்க்கரை 12 கிராம். அதற்குரிய கரும்பு 126 கிராம். டன் 3,500 ரூபாய் கணக்கில் 44 காசு. கூட்டினால் 2 ரூபாய் 92 காசு. கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஏறத்தாழ 3 ரூபாய் என்று சொல்லலாம்.

மிச்சம் 9 ரூபாய் டீக்கடைக்காரரின் பையில் விழுகிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடை வாடகை, கமர்ஷியல் சிலிண்டர், மாஸ்டர் சம்பளம், கரண்ட் பில், கிளாஸ் கழுவும் தம்பியின் கூலி எல்லாம் அதில்தான். அதிகாலை 4 மணிக்கு ஷட்டரைத் தூக்குபவரும் உழைப்பாளிதான். அவர் மேல் நமக்கு எந்தக் கோபமும் இல்லை. நம்முடைய கேள்வி வேறு. அந்த 20 காசு ஏன் 20 காசாகவே நிற்கிறது? அதை யார் முடிவு செய்கிறார்கள்? பாலுக்கு 2 ரூபாய்க்கு மேல் போகும்போது இலைக்கு மட்டும் ஏன் இந்த நிலைமை? பால் அதிகம் ஊற்றுகிறோம், தூள் கொஞ்சம்தான் என்பது பாதி பதில். மீதிப் பதில் விலையை நிர்ணயிக்கும் விதியில் இருக்கிறது.

மூன்று பொருளுக்கும் மூன்று விதி. அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

முதலில் தேயிலை. நீலகிரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பெரிய எஸ்டேட்கள். உண்மையில் அந்த மலையில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று தேயிலை வைத்திருக்கும் சிறு குறு விவசாயிகள்தான் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர், குந்தா, கூடலூர் என்று எங்கே போனாலும் அவர்கள்தான். இவர்களிடம் தொழிற்சாலை கிடையாது. பறித்த இலை சில மணி நேரத்தில் வாடிவிடும். அன்றைக்கே யாராவது ஒருவரிடம் கொடுத்தாக வேண்டும். வாங்குகிறவருக்கு அவசரம் இல்லை, விற்கிறவருக்கு இருக்கிறது. இந்த ஒரு விஷயத்திலேயே பேரத்தின் முடிவு தெரிந்துவிடும். இலை ஏஜென்ட் வந்து எடை போடுவார். ஈரம் இருக்கிறது என்று கொஞ்சம் கழிப்பார், முற்றிய இலை என்று கொஞ்சம் கழிப்பார். விலை என்ன என்று கேட்டால், மாதம் முடியட்டும் என்பார்.

ஆமாம், அதுதான் நடைமுறை. இன்றைக்குக் கொடுக்கும் இலைக்கு என்ன விலை என்பது இன்றைக்குத் தெரியாது. கடையில் அரைக் கிலோ தக்காளி வாங்கும்போது, விலையை அடுத்த மாதம் சொல்கிறேன், இப்போது எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நாம் சொல்ல முடியுமா? அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் விற்கிறார்கள்.

விதியே இல்லையா என்றால், இருக்கிறது. 1953-ஆம் ஆண்டு தேயிலைச் சட்டத்தின் கீழ் தேயிலை வாரியம் இருக்கிறது. 2003-இல் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதன்படி விலைப் பங்கீட்டு வாய்ப்பாடு ஒன்று வைத்திருக்கிறார்கள். தூள் விற்ற பணத்தில் விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. 65 சதவீதம் என்றால் நியாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் எதில் 65?

குன்னூர் ஏலத்தில் தூள் சராசரியாகக் கிலோ 110 ரூபாய்க்குப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 65 சதவீதம் 71 ரூபாய் 50 காசு. ஒரு கிலோ தூளுக்கு நாலேகால், நாலரைக் கிலோ இலை வேண்டும். வகுத்துப் பாருங்கள், இலைக்குக் கிலோ 16 ரூபாய்ச் சொச்சம். இந்த 16 ரூபாயில்தான் உரம், மருந்து, கவாத்து, இலை பறிக்கும் பெண்ணின் கூலி எல்லாம். அதே தூள் பெரிய கம்பெனியின் வண்ணப் பாக்கெட்டுக்குள் போய் நம்ம மளிகைக் கடைக்கு வரும்போது கிலோவுக்கு 300 ரூபாய்க்குக் குறையாது. 500-ஐத் தாண்டியும் இருக்கிறது. ஏலத்துக்குப் பிறகு நடக்கும் கலவை, பாக்கெட், விளம்பரம், நடிகரின் புன்னகை எல்லாம் சேர்ந்து ஏறும் விலையில் விவசாயிக்கு ஒரு காசு பங்கு கிடையாது. அவருடைய 65 சதவீதம் ஏல மேடையோடு முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். பங்கீடு என்பது வருமானத்தைப் பங்கிடுகிறது, செலவைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஏல விலை விழுந்தால் 65 சதவீதமும் சேர்ந்து விழும். உரம் விலை மட்டும் விழாது. தரை என்ற ஒன்று இல்லாத விதி அது. எவ்வளவு ஆழத்துக்கும் போகலாம்.

போயிருக்கிறது. சோவியத் யூனியன் இருந்தவரை நீலகிரித் தூளுக்கு அங்கே பெரிய சந்தை இருந்தது. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனது. தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கிய சரிவில் இலையின் விலை கிலோவுக்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. பிள்ளைகளின் படிப்பு நின்றது, நகை அடகுக்குப் போனது, இளைஞர்கள் மலையிறங்கி திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடிப் போனார்கள். அந்த அடியில் இருந்து மலை இன்னும் முழுசாக எழவில்லை. 2023-இல் கோத்தகிரிப் பக்கம் விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. அப்போது கையில் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. அரசு தந்த பதில், இன்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலை உறுப்பினர்களுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் மானியம். கொடுத்ததைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் 2 ரூபாய் மானியம் என்பது காய்ச்சலுக்கு நெற்றியில் போடும் ஈரத்துணி. சூடு கொஞ்ச நேரம் தணியும்.

பாக்கெட் விஷயத்துக்கு ஒரு நிமிடம் வருவோம், ஏனென்றால் இதில் நுகர்வோராகிய உங்களுக்கும் பங்கு இருக்கிறது. பாக்கெட்டில் எம்.ஆர்.பி. என்று ஒன்று அச்சடித்திருக்கிறார்களே, அதிகபட்ச சில்லறை விலை. அது 1990-இல் கட்டாயமானது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் நீங்கள் புகார் கொடுக்கலாம், எடையளவுத் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். ஒரு கிராமுக்கு என்ன விலை என்று அச்சடிக்கும் விதியும் வந்துவிட்டது. நல்ல விஷயங்கள். (10 ரூபாய்ப் பாக்கெட்டில் விலை ஏறாமல் எடை மட்டும் இறங்குவதை அந்தச் சின்ன எழுத்தைப் படிப்பவர்கள் கண்டுபிடித்துவிடலாம். பூதக்கண்ணாடி இருந்தால்.) ஆக, வாங்குகிறவருக்கு ஒரு உச்சவரம்பைச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது. விளைவித்தவருக்கு ஒரு அடிவரம்பு? அது மட்டும் சந்தையின் பொறுப்பாம்.

இப்போது பாலுக்கு வருவோம். பாலும் இலை மாதிரிதான். மணிக்கணக்கில் வைத்திருக்க முடியாது, அன்றைக்கே விற்றாக வேண்டும். 1946-க்கு முன்னால் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் இதே நிலைமைதான் இருந்தது. பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை ஒரு தனியார் கம்பெனியிடம் இருந்தது, அவர்கள் சொன்னதுதான் விலை. அங்கே விவசாயிகள் என்ன செய்தார்கள்? திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் ஒன்றுகூடி, பாலை ஊற்ற மாட்டோம் என்று நிறுத்தினார்கள். சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்தார்கள். 1949-இல் அங்கே வந்து சேர்ந்த கோழிக்கோட்டுக்காரர் வர்கீஸ் குரியன் அதைத் தொழிலாக வளர்த்தெடுத்தார். அதுதான் பிறகு அமுல். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி அந்த முறையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. நம்ம ஆவினும் அந்த வழியில் வந்ததுதான்.

அந்த முறையின் ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. பாலைக் குளிர்விப்பது, பாக்கெட் போடுவது, விற்பது எல்லாம் உற்பத்தியாளரின் சொந்த அமைப்பிடம் இருக்க வேண்டும். நடுவில் யாரும் இல்லை. ஊர்ச் சங்கத்தில் காலையிலும் மாலையிலும் அளந்து ஊற்றுகிறார். கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். எவ்வளவு என்று பார்த்து விலை. என்ன விலை என்பது முன்கூட்டியே அறிவித்தது. மாதம் முடியட்டும் என்று யாரும் சொல்வதில்லை.

இதன் பலன் எண்களில் தெரிகிறது. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுகளைப் பாருங்கள். தக்காளிக்கு நாம் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போவது 33 ரூபாய். வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. அதே ஆய்வுத் தொடரில் பாலுக்கு 70 ரூபாய். எல்லாம் அழுகும் பொருள்தான், எல்லாம் அன்றாடம் வாங்கும் பொருள்தான். ஒன்றுக்கு 33, இன்னொன்றுக்கு 70. பாலை விற்க ஓர் அமைப்பு இருக்கிறது, தக்காளியை விற்க ஆள்தான் இருக்கிறார்.

அதற்காகப் பால் உற்பத்தியாளர் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு 35 ரூபாய், எருமைப்பாலுக்கு 44 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். கொள்முதல் விலையோடு சேர்க்காமல் ஊக்கத்தொகை என்று தனியாகக் கொடுப்பது ஏன்? விலை என்றால் உரிமை. ஊக்கத்தொகை என்றால், கொடுக்கும்போது கொடுப்போம் என்று அர்த்தம். சங்கத்தில் பால் ஊற்றும் எந்த அக்காவைக் கேட்டாலும் இந்த வித்தியாசத்தை நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார்.

தீவனம் விலையைப் பாருங்கள். தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, உலர்தீவனம் என்று எல்லாமே ஏறிவிட்டது. மாட்டுக்கு மடிநோய் வந்தால் ஒரு மாத வருமானம் காலி. ஆனால் கொள்முதல் விலையை எப்போது திருத்துவது என்பதற்கு எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. தேர்தல் எப்போது, நிதிநிலை எப்படி, எதிர்க்கட்சி எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதைப் பொறுத்து நடக்கிறது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதுதான் நடந்திருக்கிறது. பாக்கெட் பால் விலை ஏறினால் வாக்காளர் கோபிப்பார் என்ற பயம். அந்தப் பயத்தின் பில்லை மாடு வைத்திருப்பவரிடம் நீட்டுகிறார்கள். நகரத்து ஏழைக்குப் பால் மலிவாகக் கிடைக்க வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. அந்தச் செலவை அரசு தன் நிதியில் இருந்து ஏற்கட்டும். கிராமத்து ஏழையின் மடியில் இருந்து எடுக்கக் கூடாது.

மூன்றாவது கரும்பு. இதில்தான் விசித்திரம். மூன்று பேரில் சட்டப்படி விலைப் பாதுகாப்பு உள்ளவர் கரும்பு விவசாயி ஒருவர்தான். 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் ஒன்றிய அரசு ஒவ்வொரு பருவத்துக்கும் நியாயமான, ஆதாய விலை என்று ஒன்றை அறிவிக்கிறது. ஆலைகள் அதற்குக் குறைத்து வாங்க முடியாது. 2024-25 பருவத்துக்கு 9.5 சதவீதம் அல்லது அதற்குக் குறைந்த பிழிதிறன் உள்ள கரும்புக்கு டன் 3,151 ரூபாய். தமிழ்நாடு அரசு சிறப்பு ஊக்கத்தொகை 349 ரூபாய் சேர்த்தது. மொத்தம் 3,500. சர்க்கரைக் கணக்கில் மாற்றிப் பார்த்தால் ஒரு கிலோ சர்க்கரைக்கான கரும்புக்கு 37 ரூபாய் அளவுக்கு வருகிறது. கடையில் விற்கும் விலையோடு ஒப்பிட்டால் பெரிய பங்குதான். அடிவரம்பு என்ற ஒன்றைச் சட்டத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் காகிதத்தில் இருக்கும் விலை கைக்கு வர வேண்டுமே. அதே ஆணையில் இன்னொரு பிரிவு இருக்கிறது. கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. எத்தனை விவசாயி அந்த வட்டியைக் கண்ணால் பார்த்திருப்பார்? அசலுக்கே போராட வேண்டியிருக்கிறது. தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியில் 2022 நவம்பரில் கரும்பு விவசாயிகள் தொடங்கிய காத்திருப்புப் போராட்டம் நாட்களில் முடியவில்லை, ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆலைக்குக் கொடுத்த கரும்புக்கு நிலுவை ஒரு பக்கம், தங்கள் பெயரில் வாங்கப்பட்ட வங்கிக் கடன் இன்னொரு பக்கம். பயிர் வைத்தவர் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். வெட்டுக்கூலியோ வருடா வருடம் ஏறுகிறது, அதுவும் விவசாயி தலையில்தான்.

இன்னொரு கதையும் இதில் இருக்கிறது. சர்க்கரை விலை விழுகிறது, ஆலைகள் நஷ்டப்படுகின்றன என்று முறையீடு போனபோது, 2018 ஜூனில் ஒன்றிய அரசு என்ன செய்தது தெரியுமா? ஆலைகள் விற்கும் சர்க்கரைக்குக் குறைந்தபட்ச விற்பனை விலை என்று கிலோவுக்கு 29 ரூபாய் நிர்ணயித்தது. 2019 பிப்ரவரியில் அதை 31 ஆக்கியது. அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. சந்தையில் அரசு தலையிடக் கூடாது, விலையைத் தேவையும் வரத்தும்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நமக்குப் பாடம் நடத்தும் அதே ஆட்கள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ஆலை முதலாளிக்கு அடிவரம்பு வைக்க முடிந்தது என்றால், கோத்தகிரி விவசாயியின் இலைக்கு ஏன் முடியாது?

இங்கே நம்மிடம் வரும் கேள்விகளையும் தட்டிக்கழிக்க வேண்டாம். கமெண்டில் முதலில் வருவது இதுதான்: இலைக்கு விலை ஏற்றினால் டீ விலை ஏறாதா? ஏறுமா என்று கணக்கே சொல்லட்டும். ஒரு டீயில் இருக்கும் இலை 11 கிராம். கிலோ 18-இல் இருந்து விவசாயிகள் கேட்ட 33 ரூபாய் 50 காசுக்கு முழுசாக உயர்த்தினாலும், ஒரு கிளாஸுக்குக் கூடுவது 17 காசு. பதினேழு காசு! அந்தக் காசு இப்போது புழக்கத்திலேயே இல்லை. டீ 10-இல் இருந்து 12 ஆனபோதும், 12-இல் இருந்து 15 ஆனபோதும் அந்த உயர்வில் எவ்வளவு மலைக்குப் போனது? யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் சிலிண்டர் விலையும் வாடகையும் ஏறும்போது காரணம் வெளியே தெரிகிறது. இலை விலை இறங்கும்போது டீ விலை இறங்குவதில்லை, அது யாருக்கும் தெரிவதுமில்லை.

அடுத்த கேள்வி, அதிக விலை அறிவித்தால் எல்லோரும் அதையே பயிரிட்டுக் குவித்துவிட மாட்டார்களா? நியாயமான கேள்வி. கரும்பில் அது நடந்தும் இருக்கிறது, தண்ணீர் இல்லாத ஊரில்கூடக் கரும்பு வைத்தார்கள். ஆனால் தேயிலைச் செடி ஒரு பருவப் பயிர் இல்லை. இன்றைக்கு வைத்தால் நாளைக்கு இலை வராது, மலையில் புதிதாக நிலமும் முளைக்காது. தரம் குறைந்துவிடும் என்று தேயிலை வட்டாரத்தில் ஒரு வாதம் உண்டு. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. கரட்டு இலையைக் கொடுத்துவிட்டு நல்ல விலை கேட்க முடியாதுதான். அதற்கு வழி, இரண்டு இலை ஒரு மொட்டு பறித்தவருக்குக் கூடுதல் விலை என்று பாலில் கொழுப்புக்குக் கொடுப்பது மாதிரி தர அட்டவணை வைப்பது. இப்போது நல்ல இலைக்கும் முற்றல் இலைக்கும் ஒரே சராசரி. பிறகு எவர் மெனக்கெட்டுப் பறிப்பார்?

உலகத்தில் எங்கே இப்படி நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பக்கத்தில் கேரளம் 2020 நவம்பர் 1 முதல் 16 காய்கறி, கிழங்கு, பழ வகைகளுக்கு அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம். அளவுக்கு வரம்பு உண்டு, குறைகளும் உண்டு, ஆனால் தொடங்கினார்கள். ஸ்பெயின் நாட்டில் 2021-இல் சட்டமே போட்டார்கள். உணவுச் சங்கிலியில் எவரும் தனக்கு விற்பவருக்கு அவருடைய உற்பத்திச் செலவுக்குக் கீழே விலை கொடுக்கக் கூடாது. கம்யூனிச நாடு இல்லை அது, சூப்பர் மார்க்கெட் நிறைந்த ஐரோப்பிய நாடுதான்.

நம் நாட்டில் உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்துக் குறைந்தபட்ச ஆதரவு விலை தர வேண்டும் என்று தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-இலேயே சொன்னது. அந்த ஆணையத்தின் தலைவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். இன்றைக்கு ஆதரவு விலைப் பட்டியலில் 22 பயிர்கள் இருக்கின்றன, கரும்புக்குத் தனி. தேயிலை அதில் இல்லை. பால் இல்லை. தக்காளி, வெங்காயம் இல்லை. பட்டியலில் உள்ளவற்றுக்கும் கொள்முதல் என்பது பெரும்பாலும் நெல்லோடும் கோதுமையோடும் நின்றுவிடுகிறது என்பது தனிக் கதை, இன்னொரு நாள் பேசுவோம்.

எனவே நாம் கேட்பது இதுதான், சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். பசுந்தேயிலைக்கு 65-க்கு 35 என்ற பங்கீடு இருக்கட்டும், ஆனால் அதற்குக் கீழே ஒரு தரை வேண்டும். தேயிலை வாரியம் வருடத்துக்கு ஒரு முறை உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும், எந்தத் தொழிற்சாலையும் அதற்குக் குறைத்து இலை வாங்கக் கூடாது. விலை இலை எடுக்கும் முன்னால் தெரிய வேண்டும். ஏலம் அந்தத் தரைக்குக் கீழே போகும் மாதங்களில் வித்தியாசத்தை ஒன்றிய அரசும் மாநில அரசும் ஏற்க வேண்டும். கூடவே, 1965-இல் தொடங்கிய இன்ட்கோவிடம் 15-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் இருக்கின்றன, ரேஷன் கடையில் ஊட்டி டீ இருக்கிறது. மாநிலத்தின் எல்லா அரசு அலுவலக கேன்டீன்களும், மருத்துவமனைகளும், விடுதிகளும் அந்தத் தூளையே வாங்கினால் ஏல மேடையை நம்பியிருக்கும் நிலை பாதி குறையும். விவசாயியின் தொழிற்சாலை, விவசாயியின் பாக்கெட், பாலில் செய்ததை இலையிலும் செய்வது. இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், ஓர் அரசாணை போதும்.

பாலில் ஊக்கத்தொகையைக் கொள்முதல் விலையோடு சேர்க்க வேண்டும். தீவன விலையை வைத்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை விலை தானாகத் திருத்தப்படும் விதி எழுதப்பட வேண்டும். பால் ஊற்றிய இடத்திலேயே அளவும் தரமும் விலையும் போட்ட சீட்டு எல்லாச் சங்கத்திலும், ஒன்று விடாமல், கையில் கிடைக்க வேண்டும். கரும்பில் புதிதாக எதுவும் கேட்கவில்லை. 14 நாள், 15 சதவீத வட்டி என்று ஏற்கெனவே எழுதியிருப்பதை அமல்படுத்தச் சொல்கிறோம். கரண்ட் பில் ஒரு நாள் தாமதமானால் அபராதம் போடத் தெரிந்த அரசுக்கு இது தெரியாதா என்ன?

இந்த விலையில் ஒரு பங்கு இலை பறிக்கும், கரும்பு வெட்டும் தொழிலாளிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஓர் ஏக்கர் விவசாயிக்கு விலை விழுந்தால் அவர் முதலில் குறைப்பது ஆள் நாட்களைத்தான். அதனால் கூலியையும் விலையையும் தனித்தனியாகப் பேச முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? மூன்று வேலை. பால் ஊற்றுபவராக இருந்தால் நாளைக்கே சங்கத்தில் சீட்டு கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். டீத்தூள் வாங்குபவராக இருந்தால் ஒரு முறை ரேஷன் கடை ஊட்டி டீயைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஸ்டாக் இல்லை என்றால் அதையும் எங்களுக்குத் தெரிவியுங்கள். எந்த ஊர், எந்தக் கடை என்று கீழே கமெண்டில் எழுதினால் போதும், தொகுத்து அமைச்சரிடம் கொடுப்பது எங்கள் பொறுப்பு. கிராமத்தில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபைக்குக் கட்டாயம் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் இருக்கிறது. உங்கள் ஊரில் விளையும் பொருளுக்கு உற்பத்திச் செலவுக்குக் குறையாத விலை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானத்தின் மாதிரி நகல் எல்லா ஒன்றியச் செயலாளர்களிடமும் இந்த வாரத்துக்குள் இருக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்ப் பெயரையும் பயிரின் பெயரையும் நிரப்பிக்கொள்ளுங்கள். தலைவர் பதிவேட்டில் ஏற்ற மறுத்தால் அங்கிருந்தே எங்களுக்கு போன் அடியுங்கள்.